எட்டு வயது, பதினான்கு வயது: பிள்ளைகளைச் சேவைக்கு அனுப்புவது எப்படி?

எட்டு வயதில் மகள், பதினான்கு வயதில் மகன். இருவரையும் ஏதாவது சமூக சேவைக்கு அனுப்ப ஆசை. சின்னவளுக்கு அந்த வயது போதுமா, போனை விட்டுத் தலையைத் தூக்காத பெரியவனை எப்படிக் கிளப்புவது? இதுதானே உங்கள் கேள்வி.

அதில் ‘அனுப்ப’ என்ற சொல்தான் எனக்கு இடிக்கிறது. நானும் அனுப்பிப் பார்த்தவன். அனுப்பினால் போக மாட்டார்கள். போனாலும் அடுத்த வாரம் வயிற்றுவலி வந்துவிடும்.

என் மகனுக்கு அப்போது பதின்மூன்று வயது. பக்கத்தில் தன்னார்வலர்கள் நடத்தும் சிறுவர் நூலகம் ஒன்றுக்கு நன்கொடைப் புத்தகங்கள் மூட்டை மூட்டையாக வந்து கிடந்தன. பிரித்து அடுக்க ஆள் தேவை என்றார்கள். வலுக்கட்டாயமாக அவனை இறக்கிவிட்டு நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு மணி நேரம் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்து போன் பார்த்துவிட்டுத் திரும்பினான். என்னடா செய்தாய் என்று கேட்டதற்கு, “மூட்டை ஓடிப்போகாம பாத்துக்கிட்டேன்” என்றான்.

அடுத்த வாரம் நானும் கூடவே போய் உட்கார்ந்து தூசி தட்டினேன். பெரியவர்கள் நாலைந்து பேர் புத்தகங்களை அகர வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவன், “ஆறு வயசுப் பையன் ஆசிரியர் பேரைப் பாத்தா புத்தகம் எடுப்பான்?” என்றான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நல்லவேளை, நான் வாயைத் திறக்கும் முன் நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா முந்திக்கொண்டார். “அப்ப நீயே சொல்லு, எப்படி அடுக்கலாம்?”

அவன் சொன்னது: படப் புத்தகங்கள் எல்லாம் கீழ்த்தட்டில், முதுகு தெரிகிற மாதிரி இல்லாமல் அட்டை தெரிகிற மாதிரி. எழுத்து கூடக்கூட மேல்தட்டு. பக்கம் போனவற்றுக்குத் தனியாக மூன்று பெட்டிகள்: கிழிந்தது, கிறுக்கியது, ‘கிடைத்ததே பாக்கியம்’. அந்தப் பெயர்களை அவனே எழுதி ஒட்டினான். மூன்றாவது வாரம் அக்கா அவன் கையில் ஓர் அலமாரிச் சாவியைக் கொடுத்தார். அதன்பின் ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னை எழுப்பியவன் அவன்தான்.

பதின்ம வயதுப் பிள்ளைகளைப் பற்றி நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். இந்த வயதில் அவர்களுக்கு நம்மைவிட நன்றாக வருவது குறை கண்டுபிடிப்பது. அதைத் திமிர் என்று அடக்காமல், ‘சரி, நீ சரிசெய்’ என்று பொறுப்பைக் கையில் கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கொடுக்கிற பொறுப்பு உண்மையானதாக இருக்க வேண்டும். அவன் வராவிட்டால் அந்த வேலை நிற்க வேண்டும், யாராவது ‘எங்கே அந்தப் பையன்?’ என்று கேட்க வேண்டும். பேனர் பிடிப்பது, வரிசையில் நின்று கை தட்டுவது போன்ற ஒப்புக்குச் சப்பாணி வேலைகளைப் பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

என் மகளை ஒருமுறை அப்படி ஓர் அமைப்பின் மரக்கன்று நடும் நிகழ்ச்சிக்குக் கூட்டிப் போனேன். ஆளுக்கொரு டி-ஷர்ட், ஆளுக்கொரு கன்று, கன்றுக்கொரு போட்டோ. முடிந்து கிளம்பும்போது, “நாளைக்கு யார் தண்ணி ஊத்துவாங்க?” என்று ஏற்பாட்டாளரிடம் கேட்டாள். அவர் அவள் தலையைத் தடவி, “கெட்டிக்காரப் பொண்ணு” என்றார். பதில் அவ்வளவுதான். அதற்கப்புறம் நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை.

இனி சின்னவள் விஷயம். எட்டு வயது தாராளமாகப் போதும். உதவும் குணம் நாம் ஊட்டி வருவதில்லை. வார்னெகன், டொமசெல்லோ என்ற இரு ஆய்வாளர்கள் 2006-ல் ‘சயன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 18 மாதக் குழந்தைகள் முன்னால், துணி காயப்போடும் ஒருவர் கிளிப்பைத் தவறவிட்டு எட்ட முடியாமல் தவிப்பார். கை நிறையப் புத்தகத்தோடு அலமாரிக் கதவைத் திறக்கத் திணறுவார். 24 குழந்தைகளில் 22 பேர் ஏதாவது ஒரு தருணத்திலாவது தாமாகவே எழுந்து போய் உதவினார்கள். பாராட்டு இல்லை, பரிசு இல்லை. அதே இருவர் 2008-ல் இன்னும் சுவாரசியமான ஒன்றைச் செய்தார்கள். 20 மாதக் குழந்தைகளில் சிலருக்கு ஒவ்வொரு உதவிக்கும் ஒரு பரிசு கொடுத்தார்கள். அப்புறம் பரிசை நிறுத்தினார்கள். பரிசு வாங்கிப் பழகியவர்கள், எதுவுமே வாங்காதவர்களைவிடக் குறைவாகவே அதன்பின் உதவினார்கள்.

எனவே ‘ஒரு மணி நேரம் வந்தால் ஒரு மணி நேரம் போன்’ என்ற பேரத்தைத் தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். நான் ஆரம்பித்தேன். இரண்டே வாரத்தில் அது ஒன்றுக்கு ஒன்றரை ஆனது.

பாராட்டிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளிடம் ‘உதவி செய்யலாமா’ என்பதற்குப் பதில் ‘உதவியாளராக இருக்கலாமா’ என்று கேட்டபோது கூடுதலாக உதவினார்கள் என்று 2014-ல் ஓர் ஆய்வு சொன்னது. அதைப் படித்துவிட்டு நானும் வீட்டில் பட்டம் கொடுக்கத் தொடங்கினேன். பின்னர் வந்த இன்னோர் ஆய்வு அதற்கு ஒரு கடிவாளம் போட்டது: உதவப் போய் ஏதாவது சொதப்பிவிட்டால், ‘உதவியாளர்’ பட்டம் பெற்ற குழந்தைகள் சீக்கிரம் பின்வாங்கினார்கள். ‘நான் அப்படிப்பட்டவன் இல்லை போல’ என்ற எண்ணம் வந்துவிடுகிறதாம். என் மகள் ஒருநாள் நூலகத்தில் பசை டப்பாவைக் கவிழ்த்துவிட்டு அழுதது இந்த வகைதான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. ஆகவே இப்போது பட்டம் கிடையாது. ‘நீ ஒட்டிய அட்டை பிரியவில்லை, அந்தப் புத்தகத்தை இரண்டு பேர் எடுத்துப் போயிருக்கிறார்கள்’ என்று நடந்ததைச் சொல்கிறேன். அவளுக்கு அதுவே போதுமாயிருக்கிறது.

கட்டாயப்படுத்தலாமா? உலகில் சில இடங்களில் சட்டமே கட்டாயப்படுத்துகிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பள்ளிப் படிப்பை முடித்துச் சான்றிதழ் வாங்க 40 மணி நேரச் சமூகப் பணி செய்தாக வேண்டும். அதனால் முதன்முறையாக ஓர் அமைப்பின் கதவைத் தட்டுகிற பிள்ளைகளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கல்லூரி மாணவர்களை வைத்து 1999-ல் வெளியான ஓர் ஆய்வில், முன்பே நாட்டமில்லாதவர்களைக் கட்டாயப்படுத்தியபோது ‘இனிமேலும் செய்வேன்’ என்ற எண்ணம் குறைந்தது. செய்வதா வேண்டாமா என்ற முடிவு அவர்கள் கையில் இருந்தபோது அப்படி ஆகவில்லை. நான் வீட்டில் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி வைத்திருக்கிறேன். எங்கே, என்ன என்பது பிள்ளையின் விருப்பம். தேர்ந்தெடுத்துவிட்டால் நான்கு வாரம் போக வேண்டும். அதன்பின் பிடிக்கவில்லையென்றால் நிறுத்தலாம், ஆனால் ‘இனி வர மாட்டேன்’ என்று அங்கே உள்ளவர்களிடம் அவர்களே போய்ச் சொல்ல வேண்டும். என் மகள் ஒரு விலங்குக் காப்பகத்தில் இப்படிச் சொல்லிவிட்டு வந்தாள். நாய்கள் பிடிக்கும், வாடைதான் பிடிக்கவில்லை. நியாயம்தான்.

போனை விடாத பிள்ளைக்குப் போனிலேயே வேலை இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2007-ல் தொடங்கிய ‘கேலக்ஸி ஜூ’ திட்டத்தில் விண்மீன் மண்டலங்களின் படங்களைப் பார்த்து வடிவம் வாரியாகப் பிரித்தவர்கள் பொதுமக்கள்தான். அதிலிருந்து வளர்ந்த ‘ஜூனிவர்ஸ்’ தளத்தில் காட்டுக் கேமராப் படங்களில் விலங்குகளை அடையாளம் காண்பது, பழைய கையெழுத்து ஆவணங்களைப் படித்துத் தட்டச்சு செய்வது என்று பல வேலைகள் கிடக்கின்றன. பொதுமக்களே சேர்ந்து வரையும் ‘ஓபன்ஸ்ட்ரீட்மேப்’ என்ற இணைய வரைபடத்தில் தன் தெருவில் விடுபட்டுப்போனதைச் சேர்க்கலாம். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகளுக்கு இது நல்ல தொடக்கம். கணக்குத் தொடங்கும் முன் அந்தத் தளத்தின் வயது விதியைப் பார்த்துவிடுங்கள். ஆனாலும் நேரில் ஒருவர் முகத்தைப் பார்த்துச் செய்யும் வேலையின் சுவை வேறு. கனடாவின் வான்கூவரில் 106 பத்தாம் வகுப்பு மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவை வாரம் ஒருமுறை, சுமார் இரண்டு மாதம், சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு உதவ வைத்தார்கள். 2013-ல் முடிவுகள் வெளிவந்தன: அவர்களுக்குக் கொலஸ்ட்ராலும் உடலின் அழற்சிக் குறிகளும் மற்ற பிரிவைவிடக் குறைவாக இருந்தன. இரண்டு மாதத்தில் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். இதை மகனிடம் சொல்லி வேலை வாங்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். கொலஸ்ட்ராலுக்குப் பயந்த பதினான்கு வயதுப் பையனை நான் பார்த்ததில்லை.

இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் இடங்களுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனால் ஒரு தப்பை மட்டும் செய்யாதீர்கள், நான் செய்ததுதான். திரும்பி வரும் வழியில், “பாத்தியா, அவங்களுக்கு ஒண்ணுமே இல்ல, நீ எவ்வளவு கொடுத்துவைச்சவ” என்றேன். மகள் கொஞ்ச நேரம் பேசாமல் வந்தாள். பிறகு, “அப்ப அவங்க கொடுத்துவைக்காதவங்களா? என்ன தப்பு செஞ்சாங்க?” என்றாள். என்னிடம் பதில் இல்லை. அன்று அங்கே அவளோடு பல்லாங்குழி ஆடிய ஒரு பெண் குழந்தையை, ஒரே வாக்கியத்தில் நான் பாடப்புத்தக உதாரணமாக்கிவிட்டேன். இப்போதெல்லாம் வழியில் நான் எதையும் விளக்குவதில்லை. கேள்வி வந்தால் மட்டும் பேசுவேன், தெரியாவிட்டால் தெரியாது என்பேன். அங்கே படம் எடுப்பதும் இல்லை. வாங்குகிறவர் முகம் நம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வர அவர் சம்மதிக்கவில்லை.

பாதுகாப்பில் மட்டும் கூச்சமே வேண்டாம். பிள்ளை யார் பொறுப்பில் இருக்கும், மூடிய அறையில் ஒரு பெரியவரோடு தனியாக விடுவார்களா, வீட்டுக்கு எப்படித் திரும்பும் என்று முதல் நாளே கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கிற இடம் வேண்டாம்.

சான்றிதழ் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், அதிலொன்றும் பாவமில்லை. அதைச் சொல்லி அழைக்காமல் இருந்தால் சரி.

எங்கே தொடங்குவது என்றால், இந்த வாரம் சேவை என்ற பேச்சையே எடுக்காமல் மகனிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘நம்மைச் சுற்றி உனக்கு ரொம்ப எரிச்சல் தருவது எது?’ பதில் வர இரண்டு மூன்று நாள் ஆகலாம். ‘நீங்கதான்’ என்று வந்தாலும் கலங்காதீர்கள். என் மகனின் முதல் பதிலும் அதுதான்.