சீல் பிரிக்காத பழைய வீடியோ கேமை அப்படியே வைத்திருக்கலாமா, பிரித்து விளையாடலாமா?

பிரித்து விளையாடுங்கள்.

கேட்டதற்கு இவ்வளவுதான் பதில். ஆனால் இதே விஷயத்துக்காக ஒரு வாட்ஸ்அப் குழுவில் என்னை வறுத்தெடுத்திருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதப் போகிறேன். பொறுமை இல்லாதவர்கள் முதல் வரியோடு கிளம்பலாம்.

எந்த கேம் என்று நீங்கள் சொல்லவில்லை. என் யூகம்: வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் யாரோ எப்போதோ கொடுத்தது, பரணிலோ பீரோவிலோ கிடந்தது. இப்போது யூடியூபில் யாரோ ஒருவர் பழைய மாரியோ கோடிக்கணக்கில் விலை போனதைச் சொல்லக் கேட்டு உங்களுக்குத் தூக்கம் போயிருக்கிறது. அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும். என் கதை அதுதான், அதனால் உங்களுடையதும் அதுவே என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

என்னுடையது போக்கிமான் எமரால்டு, கேம்பாய் அட்வான்ஸ் என்ற, கையில் வைத்து ஆடும் நிண்டெண்டோ மெஷினில் போட்டு ஆடுவது. அமெரிக்காவில் 2005இல் வெளிவந்தது. அந்த வருடமே நியூஜெர்சி சித்தப்பா ஒரு கல்யாணத்துக்குத் திருச்சி வந்தபோது கொண்டுவந்தார். "பையன் வீடியோ கேம்னா உயிரை விடுவான்" என்று அப்பா போனில் சொல்லியிருக்கிறார். உயிரை விட்டது உண்மைதான். ஆனால் எங்கள் வீட்டில் இருந்தது டிவியில் மாட்டும் பெட்டி. மஞ்சள் கேசட், ஓடவில்லை என்றால் எடுத்து ஊதிவிட்டு மறுபடி மாட்ட வேண்டும், கான்ட்ராவும் மாரியோவும் வரும். சித்தப்பா தந்த பெட்டியின் மேலிருந்த படத்தைப் பார்த்ததுமே இது அதில் ஓடாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த மெஷினின் மடக்கு மாடலான கேம்பாய் அட்வான்ஸ் எஸ்பி அப்போது அங்கே 80 டாலர். அதையும் வாங்கித் தாருங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

"பிரிக்காதடா, அடுத்த தடவ வரும்போது மெஷினையும் வாங்கிட்டு வருவாரு" என்று அம்மா அதை பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் அந்துருண்டையோடு வைத்துவிட்டாள். சித்தப்பா அதன் பிறகும் வந்தார். பாதாம் வந்தது, சாக்லேட் வந்தது, வைட்டமின் மாத்திரை வந்தது. மெஷின் வரவே இல்லை.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. பல வருடம் கழித்து அந்தப் பெட்டியின் படத்தைக் குழுவில் போட்டபோது, "அந்தக் காலத்துலயே இவ்ளோ தொலைநோக்கா பாஸ்?" என்று ஒருவர் பாராட்டினார். தொலைநோக்காவது ஒன்றாவது. ஆட மெஷின் இல்லாததால் பிரிக்காமல் கிடந்தது. சீல் உடையாத கேம்களில் பாதிக்கு மேல் இப்படித் தப்பித்தவையாகத்தான் இருக்கும் என்பது என் கருத்து. மீதி, புதுக் காரின் சீட்டில் இருக்கும் பாலிதீன் உறையை அதுவாகக் கிழியும்வரை எடுக்காத மனிதர்களிடம் இருந்திருக்கும்.

படம் போட்ட சாயங்காலமே ஒருவர் தனியாக மெசேஜ் அனுப்பி ஒரு லட்சம் தருவதாகச் சொன்னார். நான் செகண்ட் ஹேண்டில் ஒரு எஸ்பி வாங்கிவிட்டதாகவும் மகளோடு உட்கார்ந்து பிரிக்கப் போவதாகவும் குழுவில் எழுதினேன். அவ்வளவுதான், என்னமோ கோயில் சிலையை உடைக்கப் போகிறவனைப் போல ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள்.

அவர்கள் தரப்பை மறைக்கவில்லை, சொல்லிவிடுகிறேன். 2021 ஏப்ரலில் ஒரு சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 6.6 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. 1986இல் கிறிஸ்துமஸ் பரிசாக வாங்கி, மேசை இழுப்பறையில் போட்டு மறந்தே போனதாம். "உங்கம்மா பீரோ மாதிரியே" என்று அந்தச் செய்தியை எனக்கு அனுப்பாத ஆள் இல்லை. அதே வருடம் ஜூலையில் ஜெல்டா என்ற இன்னொரு நிண்டெண்டோ கேம் 8.7 லட்சம் டாலர். இரண்டே நாள் கழித்து ஒரு சூப்பர் மாரியோ 64, 15.6 லட்சம் டாலர். அன்றைய கணக்கில் 11 கோடி ரூபாய்க்கு மேல். மாரியோ 64 ஒன்றும் அபூர்வமான கேம் இல்லை, உலகம் முழுக்க ஒரு கோடிக்கு மேல் விற்றது. விலை கேமுக்கு இல்லை. பெட்டிக்கும் மேலே சுற்றிய பிளாஸ்டிக் தாளுக்கும். அந்த மாரியோவுக்கு வாட்டா என்ற தரமதிப்பீட்டு நிறுவனம் கொடுத்த மதிப்பெண் 9.8 ஏ++. எண் பெட்டியின் நிலைக்கு, எழுத்து சீலின் நிலைக்கு. உள்ளே இருக்கும் கேசட்டுக்கு மதிப்பெண்ணே கிடையாது. திறந்தால்தானே போட முடியும்?

அடுத்த மாதமே கார்ல் ஜோப்ஸ்ட் என்ற யூடியூபர், வாட்டாவும் ஏலம் விட்ட ஹெரிடேஜும் சேர்ந்து விலையை ஏற்றிவிட்டதாக நீண்ட வீடியோ ஒன்று போட்டார். இரண்டு நிறுவனங்களும் மறுத்தன. 2022இல் வாட்டா மீது வழக்கும் வந்தது. யார் சொல்வது சரி என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. ஆனால் அந்த 2021 உச்சத்திலிருந்து சந்தை இறங்கியது எல்லோருக்கும் தெரியும். என்னிடம் லட்சம் பேசியவர்கூட இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் பேசினார் என்று நினைக்கிறேன். அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

சரி, பிரித்த கதைக்கு வருகிறேன்.

பிளாஸ்டிக் தாள் மொறமொறவென்று ஆகியிருந்தது. மடிப்பு ஓரத்தில் மகள் நகத்தை வைத்து இழுத்ததும் ஒரே கீற்றாகக் கிழிந்து வந்தது. அந்தத் தாளின் இறுக்கத்தில் அட்டைப்பெட்டியின் ஒரு மூலை லேசாக உள்வாங்கியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். பாதுகாக்கிறது என்று நாம் நம்பும் உறைதான் வருடக்கணக்காகப் பெட்டியை நெரித்துக்கொண்டிருந்திருக்கிறது. உள்ளே கேசட், கண்ணாடி போல ஒளி ஊடுருவும் மரகதப் பச்சை. மகள் அதை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். கையேடு முனை மடங்காமல் இருந்தது, லேசாக அந்துருண்டை வாசம்கூட. தாளையும் தாண்டி எப்படித்தான் போனதோ.

எஸ்பியில் மாட்டி ஸ்டார்ட் அழுத்தியதும் முதலில் வந்தது என்ன தெரியுமா? உள்ளே இருக்கும் பேட்டரி தீர்ந்துவிட்டது, கேமை ஆடலாம், ஆனால் நேரத்தைச் சார்ந்த நிகழ்வுகள் இனி நடக்காது என்ற ஆங்கில அறிவிப்பு. ஒரு கை படவில்லை, ஒரு தடவைகூட ஆடவில்லை. ஆனாலும் கேசட்டுக்குள் இருக்கும் கடிகாரத்தை அந்த பேட்டரி அத்தனை வருடமும் பீரோவுக்குள் ஓட்டிக்கொண்டே இருந்து, தீர்ந்தும் போயிருக்கிறது. இத்தனைக்கும் கதையில் நாம் செய்யும் முதல் வேலைகளில் ஒன்றே புது வீட்டு மாடியறையில் இருக்கும் சுவர்க்கடிகாரத்துக்கு நேரம் வைப்பதுதான்.

"வச்சிருந்தா அப்படியே இருக்கும்" என்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். இருக்காது. 8.7 லட்சம் டாலருக்குப் போன ஜெல்டா இருக்கிறதே, அந்த கேசட்டிலும் ஆட்டத்தைச் சேமித்து வைக்க ஒரு பேட்டரி உண்டு, அதுவும் 1980களின் சரக்கு. அதற்குள் இப்போது என்ன நிலைமை என்று காசு கொடுத்து வாங்கியவருக்கே தெரியாது. மாரியோ 64இல் பேட்டரி கிடையாது, அது பேட்டரி தேவைப்படாத மெமரி சிப்பில் சேமிக்கிறது, தப்பித்தது.

அந்த அறிவிப்பைப் படம் எடுத்து அப்பாவியாகக் குழுவில் போட்டேன். உடனே ஒருவர், "சார் இது டூப்ளிகேட்டு. டூப்ளிகேட்லதான் இந்த மெசேஜ் வரும்" என்றார். அவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. எமரால்டுக்குப் போலி கேசட்டுகள் ஏராளம். அவற்றில் பெரும்பாலும் பேட்டரியே வைக்க மாட்டார்கள், அதனால் புதிதாக வாங்கிய அன்றே இந்த அறிவிப்பு வரும். பிளாஸ்டிக் தாளைப் புதிதாகச் சுற்றிப் பழையது என்று விற்கவும் ஆட்கள் இருக்கிறார்கள், அதற்கான மெஷின் ஒன்றும் ராக்கெட் இல்லை. சென்னை ரிச்சி தெருவுக்குக் கொண்டுபோனேன். மூன்று கீற்று உள்ள விசித்திரமான திருகாணி அது, செல்போன் சர்வீஸ் கடைக்காரர் தேடிப்பிடித்துக் கழற்றினார். உள்ளே பலகையில் நிண்டெண்டோ பெயர், இரண்டு பக்கமும் தகடு வைத்து ஒட்டிய சிஆர் 1616 பேட்டரி. படம் எடுத்துப் போட்டேன். குழு கப்சிப்.

இதையும் கவனியுங்கள். அசல்தான் என்று நிரூபிக்கப் பிரித்தால்தான் முடிந்தது. பிரிக்காதவரை அது அசல் என்பது வெறும் நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்குத்தான் லட்சம்.

கடைக்காரர் தகடோடு வரும் புது பேட்டரியைச் சோல்டர் வைத்துக் கொடுத்தார். மகள் ஆட்டத்தை முதலிலிருந்தே ஆரம்பித்தாள். ஆரம்பத்தில் தேர்ந்தெடுக்கச் சொல்லும் போக்கிமான்களில் ட்ரீக்கோ என்ற புல் வகையைத்தான் எடுத்தாள், கேசட்டும் பச்சை அதுவும் பச்சை என்பது அவள் கணக்கு. ஜிம் என்றால் கதையில் வரும் போட்டிக்கூடம்; முதல் ஜிம்மில் கல் வகைப் போக்கிமான்கள் வரும், அதற்கு ட்ரீக்கோ நன்றாகவே தாங்கும். நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுக்க எனக்கும் தெரியாது, நானும் அதுவரை ஆடியதில்லையே.

இப்போது வழக்கமான கேள்வி வரும்: "விளையாடணும்னா பெட்டி இல்லாத லூஸ் கேசட் வாங்கி விளையாடு, இல்ல கம்ப்யூட்டர்ல எமுலேட்டர் சாஃப்ட்வேர் போட்டு விளையாடு, சீல் வச்சதை எதுக்குக் கெடுக்கணும்?" நல்ல கேள்விதான், இல்லை என்று சொல்லவில்லை. உலகத்திலேயே ஐந்தோ பத்தோதான் இருக்கிறது என்ற வகைச் சரக்கு கையில் கிடைத்தால் நானும் பிரிக்க மாட்டேன். நியூயார்க் மாநிலத்தில் ராச்செஸ்டரில் தி ஸ்ட்ராங் என்று விளையாட்டுகளுக்கே ஒரு மியூசியம் இருக்கிறது, அங்கே போய்ச் சேரட்டும் என்பேன். லட்சக்கணக்கில் அச்சடித்து விற்ற கேமுக்கு அந்த மரியாதை எதற்கு? அதைவிட, சித்தப்பா எனக்குக் கொடுத்தது ஆடுவதற்கு. பெட்டியாகப் பார்த்துக்கொண்டிருக்க அல்ல. ஒரு லட்சத்தை விட்டுவிட்டாயே என்பவர்களுக்கு: ஆமாம், விட்டேன். அது என் வீட்டு பீரோ, என் சித்தப்பா. வீட்டுக்கடன் கழுத்தை நெரிக்கிறது, ஃபீஸ் கட்ட வேண்டும் என்ற நிலைமை உங்களுக்கு இருந்தால் தாராளமாக விற்றுவிடுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். சொன்னால் என்னிடம் அனுப்புங்கள்.

பிரிக்கும்போது வீடியோவாவது எடுத்திருக்கலாமே என்று இன்னொருவர் வருத்தப்பட்டார். இந்த வீடியோ சமாச்சாரத்தைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. போன தீபாவளிக்கு ஆன்லைனில் ஒரு மிக்ஸி ஜார் வாங்கினோம். கைப்பிடி விரிசலோடு வந்தது. போன் செய்தால், பார்சலை வெட்டுவதற்கு முன்பிருந்து கட் இல்லாமல் எடுத்த வீடியோ அனுப்புங்கள், இல்லையென்றால் பணம் திரும்பாது என்கிறார்கள். சட்னி அரைக்கிற வீட்டில் கேமராமேனும் இருக்க வேண்டுமா? என் மனைவி ஒரு கையில் கத்திரிக்கோலும் ஒரு கையில் போனும் பிடித்துக்கொண்டு எந்தக் கையால் பார்சலைப் பிடிப்பாள்? கடைசிவரை பணம் வரவில்லை. கைப்பிடிக்கு எம்சீல் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறோம். கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும்.

நடுநிலைக்காக ஒன்று. பிரிப்பது எப்போதும் ஆனந்தம் என்று நான் சொல்லவில்லை. 2009இல் ஹைதராபாத்தில் உருவாக்கி பிளேஸ்டேஷன் 2க்கு சோனி வெளியிட்ட ஹனுமான்: பாய் வாரியர் என்ற கேமையும் சீலோடு வாங்கிப் பிரித்தேன். அந்த மெஷினுக்கு முழுக்க இந்தியாவிலேயே செய்த முதல் கேம் என்ற பெருமை அதற்கு உண்டு. ஆடிப் பார்த்ததும் பெருமையில் பெரும்பகுதி போய்விட்டது. பட்டனை அழுத்தினால் ஹனுமான் யோசித்துவிட்டுத்தான் குதிக்கிறார். ஆனால் மோசம் என்று சொல்லவாவது எனக்கு உரிமை இருக்கிறது. அதைச் சீலோடு அலமாரியில் வைத்து 'இந்திய கேமிங் வரலாறு' என்று படம் போடுகிறவர்களுக்கு அதுகூடக் கிடையாது.

நீங்கள் பிரிப்பதாக முடிவெடுத்தால் பிளேடு வேண்டாம், பெட்டியின் அட்டையில் கோடு விழுந்துவிடும். தாளின் ஒட்டு எங்கே இருக்கிறதோ அங்கே நகத்தால் இழுங்கள். பேட்டரி உள்ள கேசட் என்றால் ஆட்டத்தில் ஆழமாகப் போவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். சில கேம்களில் நீங்கள் சேமித்த ஆட்டமே அந்த பேட்டரியை நம்பித்தான் இருக்கிறது. போக்கிமான் கோல்டு, சில்வர் எல்லாம் அந்த வகை, எமரால்டு இல்லை. எந்த கேம் என்று கமெண்டில் சொன்னால், எந்த பேட்டரி, எந்தத் திருகாணி என்று பார்த்துச் சொல்கிறேன். என்ன விலை போகும் என்று மட்டும் கேட்காதீர்கள்.