எறிகிற கை – கடிதம்

அன்புள்ள ஐயா,

நியூ ஜெர்சியில் இருக்கிறேன். மகனுக்குப் பதினாறு வயது, பேஸ்பாலில் பந்து எறியும் பிட்ச்சர். வருடம் முழுக்க எறிகிறான். களத்தில் நின்று பந்தைப் பொறுக்கும் ஷார்ட்ஸ்டாப்பாக ஆட ஆசைப்படுகிறான், நான் விடவில்லை. கல்லூரியில் சேர்ந்தால், மேஜர் லீக் அணிகள் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்கு மூன்று வருடம் காத்திருக்க வேண்டுமாம். அது வீண்தானே?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஆமாம், நான்காண்டுக் கல்லூரி என்றால் மூன்றாம் வருடம் முடிய வேண்டும், அல்லது 21 வயதாக வேண்டும். காத்திருப்பதா வேண்டாமா என்பதைப் பையனிடம் கேளுங்கள். என்னைக் குத்தியது ‘நான் விடவில்லை’தான்.

சில நாட்களாக மேஜர் லீக் பிட்ச்சர் ஜேக்கப் டிகிராமைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். புளோரிடாவில் டீலேண்ட்காரர், படித்ததும் அதே ஊர் ஸ்டெட்சன் பல்கலைக்கழகத்தில். அங்கே அவர் ஷார்ட்ஸ்டாப். மூன்றாம் வருடத்தில்தான் எறியச் சொன்னார்கள், அவருக்கே அதில் பெரிய விருப்பமில்லை. 2010 டிராஃப்டில் நியூயார்க் மெட்ஸ் அணி அவரை ஒன்பதாம் சுற்றில் எடுத்தது, 272ஆவது ஆளாக. அந்த வருடமே முழங்கைத் தசைநார் போயிற்று. அதைச் சரிசெய்ய டாமி ஜான் அறுவை சிகிச்சை. 2011 முழுக்க ஆட்டமே இல்லை. உங்கள் கணக்கில் அதுவும் வீண். தோள் சிகிச்சைக்குப் பின் தேறிக்கொண்டிருந்த மெட்ஸ் பிட்ச்சர் யோகான் சன்தானா அவருக்கு சேஞ்சப், அதாவது வேகம் குறைத்து ஏமாற்றும் பந்தின் பிடியைக் காட்டிக்கொடுத்தது அந்த வீண் காலத்தில்தான்.

2012இல் ஜார்ஜியாவின் சவன்னாவுக்குப் போயிருந்தேன். டிகிராம் அந்த வருடம் ஆடிய கீழ்நிலை அணி அந்த ஊருடையது. கடிக்கிற பூச்சியின் பெயரையே அணிக்கு வைத்திருந்தார்கள், பூச்சியும் தாராளமாகவே இருந்தது. நான் போன அன்று எறிந்தது வேறு யாரோ. முன்வரிசையில் ஒரு அப்பா, கையில் வேகமானி. ஒவ்வொரு பந்துக்கும் எண்ணைப் பார்த்து நோட்டில் எழுதினார், பந்தைப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் பத்து வயதுப் பையன், பார்வை முழுக்க ஷார்ட்ஸ்டாப்பின் மேல். இருக்கையில் உட்கார்ந்தபடியே குனிந்து இல்லாத பந்தைப் பொறுக்கினான்.

அந்த நோட்டு உங்களிடமும் இருக்கும் என்று நினைக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் உங்கள் பையன் வயதில் வருடத்துக்குக் குறைந்தது நான்கு மாதம் போட்டியில் எறியக்கூடாது என்று மேஜர் லீக்கே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அதை ஒரு தடவையாவது படித்தீர்களா? பதினாறு வயது முழங்கையை வைத்து என்ன சூதாட்டம் இது?

டிகிராம் மேஜர் லீக்கில் முதலில் எறிந்தது 2014 மே 15, நியூயார்க்கின் இன்னொரு அணியான யாங்கீஸுக்கு எதிராக. வயது 25. ஏழு இன்னிங்ஸில் ஒரே ரன் கொடுத்தும் 1-0 என்று தோல்வி. ஆனால் அதற்குள் மட்டையைப் பிடித்து ஒரு சிங்கிள், அதாவது முதல் பேஸை எட்டவைக்கும் ஹிட், அடித்துவிட்டார். அந்த சீசனில் அதுவரை மெட்ஸ் பிட்ச்சர்கள் மட்டையோடு 64 முறை முயன்றும் ஒரு ஹிட்கூட வந்திருக்கவில்லை. புதுமுக விருது, சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது இரண்டு தடவை, எல்லாம் அப்புறம். எனக்கு அந்த சிங்கிள்தான் பிடிக்கும். அதை அடித்தவர் நீங்கள் ஆட விடாத அந்த ஷார்ட்ஸ்டாப்.

சரி, இந்த சனிக்கிழமை பையனைக் கடைக்கு அழைத்துப் போங்கள். இன்ஃபீல்டர் கையுறை பிட்ச்சருடையதைவிடக் கொஞ்சம் சின்னது. அவனே போட்டுப் பார்த்து எடுக்கட்டும்.