லேபிளை உரிக்கும் முன் பசையைப் பாருங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நவம்பர் பிறந்துவிட்டது, பச்சை மாங்காயும் வரத் தொடங்கிவிட்டது. தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கோயில் மாதர் குழு ஒவ்வொரு வருடமும் நிதிக்காக ஊறுகாய் போடும். அதில் பாட்டில்களைத் தயார் செய்யும் வேலை 20 வருடத்துக்கும் மேலாக என்னுடையது. ஒரு பருவத்துக்கு 150 பாட்டிலாவது என் கை வழியாகப் போகும். எல்லாமே வீடுகளில் சேர்த்து வைத்துக் கொடுப்பவை: மயோனைஸ் பாட்டில், ஜாம் பாட்டில், காபித்தூள் பாட்டில். கழுவுவதில் சிரமமே இல்லை. லேபிளும் அதற்கு அடியில் இருக்கும் பசையும்தான் ஆளைப் படுத்தும். அதைப் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை சேர்த்து எடுத்துக்கொள்கிறேன்.

டர்பன் ஃபீனிக்ஸிலிருந்து ஒரு வாசகி: அக்கா, ராத்திரி முழுக்க வெந்நீரில் ஊறவைத்தேன். காகிதம் வந்துவிட்டது. ஆனால் பிசுபிசுப்பு அப்படியே இருக்கிறது. தேய்க்கத் தேய்க்கப் பரவுகிறது. நகம் உடைந்ததுதான் மிச்சம்.

உங்கள் மேல் தப்பில்லை அம்மா. தண்ணீருக்குக் கரையாத பசையைத் தண்ணீரில் கரைக்கப் பார்த்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

பாட்டில்களில் பொதுவாக இரண்டு வகைப் பசை வரும். ஒன்று, ஈரமாகத் தடவி ஒட்டும் பசை. மாவுச்சத்திலிருந்தோ பால் புரதத்திலிருந்தோ செய்வது. பீர் பாட்டிலிலும் சில ஜாம் பாட்டில்களிலும் இருப்பது இதுதான். வெந்நீரில் அரைமணி நேரம் கிடந்தால் லேபிள் தானாகவே மிதந்து வரும். அடம் பிடித்தால் ஒரு வாளி வெந்நீருக்கு ஒரு கைப்பிடி சலவைச் சோடா போடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அலுமினிய மூடியை மட்டும் அதில் போடாதீர்கள், கறுத்துவிடும்.

இரண்டாவது, ஸ்டிக்கர் பசை. பின்தாளை உரித்து அழுத்தினால் ஒட்டிக்கொள்ளுமே, அது. அக்ரிலிக் அல்லது ரப்பர் வகையைச் சேர்ந்தது. இதற்குத் தண்ணீர் ஒரு பொருட்டே இல்லை. வெந்நீர் பட்டால் கொஞ்சம் இளகும், ஆறினதும் பழையபடி பிடித்துக்கொள்ளும். அதனால்தான் நீங்கள் தேய்த்ததும் அது போகாமல் இடம் மாறியிருக்கிறது. இதற்கு எண்ணெய்தான் வழி. எண்ணெய் பசைக்குள் இறங்கி அதை ஊதவைத்துப் பிடியைத் தளர்த்திவிடும்.

ஒரு தேக்கரண்டி சூரியகாந்தி எண்ணெய், ஒரு தேக்கரண்டி சமையல் சோடா. குழைத்துப் பசை இருக்கும் இடத்தில் பூசி, அரைமணி நேரம் அந்தப் பக்கமே போகாதீர்கள். இந்த அரைமணிதான் முக்கியம். பூசின கையோடு தேய்க்கிறவர்கள்தான் "இது வேலை செய்யவில்லை" என்று எனக்கு எழுதுகிறார்கள். அப்புறம் தேங்காய் நாராலோ பழைய துணியாலோ வட்டமாகத் தேய்த்தால் பசை சிறு சிறு உருண்டையாகத் திரண்டு வரும். சமையல் சோடா கண்ணாடியைவிட மிருதுவானது, கீறல் விழாது. கடைசியில் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு வெந்நீரில் இரண்டு தரம் கழுவுங்கள். எண்ணெய்ப் படலம் இருந்தால் புது லேபிள் ஒட்டாது.

புது பாட்டில் கையில் வந்தால் முதலில் லேபிளின் ஒரு மூலையை நகத்தால் லேசாகக் கீறி, அங்கே ஒரு சொட்டு வெந்நீர் விட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள். காகிதம் வழுக்கிக்கொண்டு நகர்ந்தால் தண்ணீர் வேலை. ஜவ்வு மாதிரி இழுத்தால் எண்ணெய் வேலை. நான் பாட்டில்கள் வந்ததும் இப்படிப் பார்த்து இரண்டு கூடையாகப் பிரித்துவிடுவேன். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து: காகிதமே இல்லை, முழுக்க பிளாஸ்டிக் லேபிள். எண்ணெய் மேலேயே நிற்கிறது, உள்ளே போகவில்லை.

போகாதுதான். பிளாஸ்டிக் தாளுக்குள் எண்ணெயும் இறங்காது, தண்ணீரும் இறங்காது. இதற்குச் சூடு வேண்டும். ஹேர் டிரையரை லேபிளிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஒரு நிமிடம் சூடேற்றுங்கள். மூலையைத் தூக்கி, லேபிளைப் பின்னோக்கி மடக்கினாற்போல், பாட்டிலை ஒட்டியே மெதுவாக இழுங்கள். மெதுவாக என்றால் நிஜமாகவே மெதுவாக. நிதானமாக இழுத்தால் இந்தப் பசை நீண்டு கொடுக்கும். வெடுக்கென்று இழுத்தால் விறைத்துக்கொண்டு லேபிளைக் கிழித்துவிடும்.

கரண்ட் இல்லாத நேரத்துக்கும் ஒரு வழி உண்டு. 2023-ல் லோட் ஷெட்டிங் (முறை வைத்து மின்வெட்டு) உச்சத்தில் இருந்தபோது நாங்கள் முழுக்க இப்படித்தான் செய்தோம். கேஸ் அடுப்பில் தண்ணீர் காயவைத்து பாட்டிலுக்கு உள்ளே ஊற்றுங்கள். சூடு கண்ணாடி வழியாக வெளியே வந்து பசையை அடியிலிருந்து இளக்கும். ஆனால் குளிர்ந்த பாட்டிலில் கொதிக்கக் கொதிக்க ஊற்றவே கூடாது. கண்ணாடிக்குள் சூடு மெல்லத்தான் பரவும். உள்பக்கம் விரிந்துவிடும், வெளிப்பக்கம் குளிராகவே இருக்கும், பிளந்துவிடும். ஒரு ஜூலை மாதக் குளிர்காலக் காலையில் என் கையிலேயே ஒரு பாட்டில் அப்படி இரண்டாகப் போனது. கட்டைவிரலில் நான்கு தையல். அன்றிலிருந்து முதலில் குழாய்ச் சூட்டுத் தண்ணீர், இரண்டு நிமிடம் கழித்து அதைக் கொட்டிவிட்டு இன்னும் சூடான தண்ணீர் என்று படிப்படியாகத்தான் ஏற்றுகிறேன். பாட்டிலை ஈரத் தரையிலோ கிரானைட் மேலோ வைக்காமல் மரப்பலகையில் வையுங்கள்.

லெனேசியாவிலிருந்து: பென்சின் நல்லதா, மெத்திலேட்டட் ஸ்பிரிட் நல்லதா, நெயில் பாலிஷ் ரிமூவர் நல்லதா? என் கணவர் பாரஃபினே, அதாவது மண்ணெண்ணெயே, போதும் என்கிறார்.

நான்குமே பசையை எடுக்கும். கண்ணாடிக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் எண்ணெயும் சூடும் முயன்று தோற்ற பிறகுதான் நான் இவற்றுக்குப் போவேன். என் வரிசையைச் சொல்கிறேன். முதலில் நம் கடைகளில் ஊதா நிறத்தில் கிடைக்கும் மெத்திலேட்டட் ஸ்பிரிட். துணியில் நனைத்துப் பத்து நிமிடம் பசை மேல் ஒட்டி வைத்தால் பல அக்ரிலிக் பசைகள் வெளுத்துத் தளர்ந்துவிடும். அதற்கும் அசையாத ரப்பர் பசைக்குப் பென்சின். பருத்திப் பஞ்சில் நாலு சொட்டு போதும். (பென்சின் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் கரைப்பான். பென்சீன் வேறு. பென்சீன் புற்றுநோய் வரவழைக்கும் ரசாயனம். எந்த வீட்டிலும் அதற்கு இடமில்லை.) நெயில் பாலிஷ் ரிமூவரில் அசிட்டோன் இருந்தால் வேகமாக வேலை செய்யும், ஆனால் பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கையும் மேஜையின் வார்னிஷையும் தின்றுவிடும்.

பாரஃபின் வேண்டாம். உங்கள் கணவர் சொல்வது போல அது பசையை எடுக்கும், ஆனால் அந்த நாற்றம் மூடிக்குள் ஏறினால் லேசில் போகாது. சாப்பாடு வைக்கிற பாட்டிலுக்கு எதற்கு அது?

இன்னொன்றை நான் அழுத்திச் சொல்லியே ஆகவேண்டும். ஸ்பிரிட், பென்சின் இரண்டும் சட்டென்று தீப்பிடிப்பவை. பென்சின் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போய் அடுத்த அறையில் இருக்கும் அடுப்பைத் தொட்டுவிடும். கொல்லைப்பக்கம் போய்ச் செய்யுங்கள். சாமி விளக்கு எரிகிற வீட்டுக்குள் செய்யாதீர்கள். நனைத்த துணியை வெளியே உலர்த்திவிட்டு அப்புறம் குப்பையில் போடுங்கள். மிஞ்சியதை ஒருபோதும் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். தண்ணீர் என்று நினைத்துக் குழந்தைகள் பாரஃபினைக் குடித்துவிடுவது இந்த நாட்டில் நெடுநாளாக நடந்துவரும் துயரம். அப்படி நடந்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது, அது நுரையீரலுக்குள் போய்விடும். உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

ஜிக் போன்ற பிளீச்சை வினிகரோடும் ஸ்பிரிட்டோடும் கலக்கவே கலக்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும். பிளீச் பசையை எடுக்கவும் எடுக்காது.

ஸ்டேங்கரிலிருந்து: ரசாயனம் எதுவும் வேண்டாம் ஆன்ட்டி, வீட்டில் கிடைப்பதை வைத்துச் செய்ய முடியாதா? வினிகர்?

வினிகர் ஸ்டிக்கர் பசைக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. நார்ச்சித் தோல் செய்யும்! (நார்ச்சி என்பது இங்கே கிடைக்கும் கமலா ஆரஞ்சு.) ஆரஞ்சு வகைத் தோலில் இருக்கும் எண்ணெயில் பெரும்பங்கு லிமோனீன். கடையில் விற்கும் பல பசை நீக்கிகளிலும் இருப்பது அதுதான். குளிர்காலத்தில் நார்ச்சி தின்றுவிட்டுத் தோலை எறியாதீர்கள். வெளிப்புறத்தைப் பசை மேல் வைத்து மடக்கிப் பிழிந்தால் சாறு போலத் தெறிக்கும். பத்து நிமிடம் விட்டுத் துடையுங்கள். சின்ன ஸ்டிக்கருக்கு இது போதும். பெரிய லேபிளுக்கு, தோலை ஒரு வாரம் மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு வடிகட்டிக்கொள்ளலாம், ஆனால் அதுவும் தீப்பிடிக்கும் பொருள்தான்.

நார்ச்சி என்ற பெயரே நம் நாரத்தையிலிருந்து ஆப்பிரிக்கான்ஸுக்குப் போனது என்று அகராதிகள் சொல்கின்றன. எங்கள் ஆயா நாரத்தை ஊறுகாய்க்காக ஏங்குவார். இங்கே அந்தக் காய் கிடைக்காமல் எலுமிச்சையில் போட்டு அதே பெயரைச் சொல்லிச் சாப்பிடுவோம். சொல் மட்டும் எங்களைச் சுற்றி ஒவ்வொரு பழக்கடையிலும் இருந்திருக்கிறது!

யூகலிப்டஸ் தைலமும் நன்றாக வேலை செய்யும். மருந்துக்கடையில் சின்ன பாட்டில் வாங்கினால் போதும்.

டொங்காட்டிலிருந்து: எங்களுக்குத் தண்ணீரை வீணாக்க மனசு வராது. ஊறவைக்காமல் செய்ய வழி உண்டா?

2022 ஏப்ரல் வெள்ளத்தில் உங்கள் ஊர் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, மாதக்கணக்கில் டாங்கர் லாரிக்குக் காத்திருந்தவர்கள் நீங்கள். அந்த மனசை முழுக்கப் புரிந்துகொள்கிறேன். வாளி வேண்டாம். ஒரு துணியை நனைத்து லேபிளைச் சுற்றிக் கட்டி, மேலே ஒரு பிளாஸ்டிக் பையைப் போர்த்தி வெயிலில் இரண்டு மணி நேரம் வையுங்கள். ஒரு டம்ளர் தண்ணீர்தான் செலவாகும். டர்பன் வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஸ்டிக்கர் பசையாக இருந்தால் துணியில் தண்ணீருக்குப் பதில் எண்ணெய். கழுவுவதை மட்டும் பத்துப் பதினைந்து பாட்டில் சேர்ந்ததும் ஒரேயடியாகச் செய்யுங்கள்.

ஒரு வாசகர்: கண்ணாடி மேலேயே அச்சடித்த எழுத்து போகுமா?

காலாவதித் தேதி மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கும் எழுத்து ஸ்பிரிட்டிலோ அசிட்டோனிலோ போய்விடும். சூளையில் சுட்டுப் பதித்த வண்ண எழுத்து போகாது. அது கண்ணாடியோடு ஒன்றாகிவிட்ட பூச்சு. மணல் போட்டுத் தேய்க்காதீர்கள். கீறல் விழுந்த கண்ணாடி, சூடு பட்டால் அந்த இடத்தில்தான் முதலில் விரியும்.

இன்னொருவர்: பசை கொஞ்சம் இருக்கும்போதே ஓவனில் வைத்து பாட்டிலைச் சூடுபடுத்திக் கிருமி நீக்கலாமா?

கூடாது. பசை வெந்து பழுப்பாகி இறுகிவிடும், பிறகு பிளேடு வைத்துத்தான் சுரண்டவேண்டும். லேபிள், பசை, சோப்புக் கழுவல், அதற்கப்புறம்தான் ஓவன். ஓவனை முன்கூட்டிச் சூடாக்காமல் பாட்டிலை உள்ளே வைத்து 120 டிகிரிக்கு ஏற்றி 20 நிமிடம் விடுங்கள். அணைத்து அதிலேயே ஆறவிடுங்கள். மாங்காய் ஊறுகாய்க்கு பாட்டில் எலும்பு மாதிரி காய்ந்திருக்கவேண்டும். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் பூஞ்சணம் வந்துவிடும்.

மெர்பேங்கிலிருந்து: பாட்டில் பளிச்சென்று ஆகிவிட்டது. மூடியில் பழைய பூண்டு வாசனை.

தகர மூடியின் உள்ளே இருக்கும் மெத்தென்ற வளையம் எண்ணெயையும் வாசனையையும் குடித்து வைத்துக்கொள்ளும். சமையல் சோடா தடவி ஒரு நாள் வெயிலில் வைத்துப் பாருங்கள். போகவில்லை என்றால் மூடியை மாற்றிவிடுங்கள். ஊறுகாயின் உப்பும் புளிப்பும் துருப்பிடித்த தகரத்தைத் தின்னும், அந்த ருசி ஊறுகாயில் இறங்கும். எங்கள் குழுவில் பாட்டில் பழசு, மூடி புதுசு என்பது சட்டம்.

ஒரு அண்ணன், சொந்த ஊர் சொல்லவில்லை: பாட்டில் இல்லை தங்கச்சி, கார் கண்ணாடியில் போன வருட லைசென்ஸ் டிஸ்க் (வண்டி உரிமத்துக்கான வட்ட ஸ்டிக்கர்). பாதி கிழிந்து நிற்கிறது.

அதே ஸ்டிக்கர் பசைதான் அண்ணா, அதே வைத்தியம்தான். காரை வெயிலில் நிறுத்திவிட்டு, எண்ணெய் நனைத்த துணியை அரைமணி நேரம் அதன் மேல் ஒட்டி வையுங்கள். காலாவதியான பேங்க் கார்டால் சுரண்டுங்கள். கண்ணாடியில் வெயிலைத் தடுக்கும் கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தால் பிளேடு பக்கமே போகக் கூடாது. கடைசியில் கதவுகளைத் திறந்துவைத்துக்கொண்டு ஸ்பிரிட்டால் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். இல்லையென்றால் ராத்திரியில் எதிர் வண்டி வெளிச்சம் அந்த இடத்தில் பரவிக் கண்ணைக் கூசும்.

சாட்ஸ்வொர்த்திலிருந்தே ஒரு பெண்: நானும் ஊறுகாய் விற்கத் தொடங்கியிருக்கிறேன். வாங்குகிறவர்கள் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கும்போது லேபிள் சுலபமாக வரவேண்டும். எந்தப் பசை வாங்கட்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கே உங்களுக்கு ஒரு பாட்டில் ஊறுகாய் தரவேண்டும். எதுவும் வாங்காதீர்கள். இரண்டு மேஜைக்கரண்டி மைதாவை ஒரு கப் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சின்னத் தீயில் கிண்டிக்கொண்டே இருங்கள். கஞ்சி பளபளப்பாகி வரும்போது இறக்கி ஆறவிடுங்கள். சாதாரணத் தாளில் பேர், தேதி எழுதி, ஓரங்களில் மட்டும் மெல்லியதாகத் தடவி ஒட்டுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் பசை மூன்று நாலு நாள் தாங்கும், புளித்த வாடை வந்தால் கொட்டிவிட்டு வேறு கிண்டிக்கொள்ளுங்கள். பேனா மை எண்ணெய் பட்டால் கரையும், பென்சிலால் எழுதுங்கள். பாட்டில் திரும்பி வந்ததும் ஈரத்துணியை ஐந்து நிமிடம் போர்த்தினால் தாள் முழுசாகக் கையோடு வந்துவிடும். என் பழைய லேபிள்களைக் காயவைத்து எடுத்துவைத்திருக்கிறேன், எந்த வருடம் எத்தனை பாட்டில் திரும்பி வந்தது என்று எண்ணிப் பார்க்க.