நண்பன் பெயரில் நிதி திரட்டுகிறவர்களுக்கு: ஒரு தணிக்கையாளரின் பதில்கள்

முப்பது ஆண்டுகளாகத் தணிக்கைத் தொழிலில் இருக்கிறேன். இரண்டு மருத்துவ அறக்கட்டளைகளின் கணக்கைப் பார்க்கிறேன். சிறுநீரகம் செயலிழந்து இறந்த என் நண்பன் பெயரில் 2010 முதல் நாங்களும் ஆண்டுதோறும் நிதி திரட்டுகிறோம். பணம், வரி, ரசீது பற்றி உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டு இங்கே கேளுங்கள், கீழேயே பதில் சொல்கிறேன். வைத்தியம் கேட்காதீர்கள்.

திருச்சி: எங்களோடு கல்லூரியில் படித்தவன் டயாலிசிஸில் இருந்து இறந்துபோனான். தலைத்திவசம் வருகிறது. பதினான்கு பேர் சேர்ந்து ஏதாவது செய்ய நினைக்கிறோம். எங்கே தொடங்குவது, ஐயா?

வசூலில் தொடங்காதீர்கள். பணம் யாருக்குப் போகப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கட்டணம் குறைத்து டயாலிசிஸ் செய்யும் அறக்கட்டளைகள் இருக்கின்றன. சென்னையில் டேங்கர் அறக்கட்டளை 1993 முதல் இருக்கிறது. உங்கள் ஊருக்கு அருகில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வேலைநாள் ஒன்றில் காலை ஆறு மணிக்குப் போய் உட்காருங்கள். விழா நாளில் போனால் பூச்செண்டுதான் தெரியும்.

நாங்கள் அப்படிப் போனபோது, முதல் ஷிப்டுக்கு வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு எடை மேடையில் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு ஒரு முறைக்கு நான்கு மணி நேரம். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை வர வேண்டும். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் இயந்திரத்தின் வழியே ஓடுகிறது. “உங்களுக்கு என்ன தேவை?” என்று கேட்டோம். இயந்திரம் என்பார்கள் என்று எதிர்பார்த்திருந்தோம். அங்கிருந்த டெக்னீஷியன், “ஊசி, டியூப், டயாலைசர்” என்றார். (டயாலைசர் என்பது ரத்தத்தை வடிகட்டும் குழல்.) தண்ணீர் சுத்திகரிப்புக்கு மாற்ற வேண்டிய வடிகட்டிகளையும் சொன்னார். அந்தப் பட்டியலைத்தான் நண்பர்களுக்கு அனுப்பினோம். “உதவுங்கள்” என்று எழுதினால் நூறு ரூபாய் வரும். “ஒருவருக்கு ஒரு மாத டயாலிசிஸுக்கு இவ்வளவு குறைகிறது” என்று எழுதினால் குறைகிற தொகையே வரும்.

அடுத்து, பணம் நேராக அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். அனுப்புகிறவர்கள் குறிப்பில் நண்பன் பெயரை எழுதட்டும். அந்தப் பெயரில் வந்ததை மட்டும் பிரித்துப் பட்டியல் தரும்படி அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

சேலம்: அவ்வளவு சுற்று எதற்கு? என் கூகுள் பே எண்ணுக்கு வாங்கி, மொத்தமாக அனுப்பிவிட்டால் ஆகாதா?

ஆகாது. உறவினரல்லாதவர்களிடமிருந்து ஓர் ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் உங்கள் கணக்குக்கு வந்தால், முழுத் தொகையும் உங்கள் வருமானம்தானா என்ற கேள்வி வரும். தர்மத்துக்கு வாங்கியது என்று நிரூபிப்பது உங்கள் பாடு. கொடுத்தவர்கள் பெயரில் ரசீதும் கிடைக்காது. அறக்கட்டளையின் பார்வையில் கொடுத்தவர் நீங்கள் ஒருவர்தான். இதையெல்லாம்விட, ஆறு மாதம் கழித்து யாராவது ஒருவர் “அந்தப் பணம் என்ன ஆயிற்று?” என்று டீக்கடையில் கேட்பார். பேச்சில் அடிபடுவது உங்கள் பெயரோடு நிற்காது, இறந்தவன் பெயரும் சேர்ந்து அடிபடும்.

ஈரோடு: வரிவிலக்கு உண்டா?

வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவில் அங்கீகாரம் பெற்ற அறக்கட்டளையாக இருந்தால் உண்டு. (புதிய சட்டத்தில் பிரிவு எண் மாறினாலும் ஊரெல்லாம் இன்னும் 80ஜி என்றுதான் பேசுகிறது.) பெரும்பாலும் கொடுத்ததில் பாதித் தொகைக்கு, அதுவும் மொத்த வருமானத்தின் 10 சதவீத வரம்புக்குள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் விலக்கு கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்தச் சலுகையே இல்லை. பாதிப் பேர் இது தெரியாமல் மார்ச் மாதத்தில் எனக்குத் தொலைபேசியில் அழைக்கிறார்கள். வெறும் ரசீதும் போதாது. ஆண்டு முடிந்தபின் அறக்கட்டளை, பணம் கொடுத்தவர்களின் விவரத்தை வருமான வரித் துறைக்குத் தாக்கல் செய்து, அதற்கான சான்றிதழைத் தர வேண்டும். ஆகவே பெயர், முகவரி, பான் எண் மூன்றையும் பணம் வரும்போதே வாங்கிவிடுங்கள்.

சிங்கப்பூர்: இங்கிருந்து நாங்கள் சிலர் அனுப்பலாமா?

எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்பதைப் பொறுத்தது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர், ஓசிஐ (வெளிநாட்டு இந்தியர்) அட்டை வைத்திருந்தாலும், சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டவரே. அவர் பணத்தை வாங்க அறக்கட்டளைக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) அனுமதி வேண்டும்; பணம் முதலில் ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் இறங்க வேண்டும். இரண்டு வகைப் பணத்தையும் கலக்காதீர்கள். “ஊரில் தம்பி கணக்குக்குப் போட்டுவிடுகிறேன், அவன் கொடுத்துவிடுவான்” என்ற யோசனையை இப்போதே கைவிடுங்கள்.

நாமக்கல்: என் கணக்கு வேண்டாம் என்றால், மனைவியின் கணக்கு?

சேலத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கடலூர்: அப்பாவுக்கு கிரியாட்டினின் ஐந்துக்கு மேல். டயாலிசிஸ் இல்லாமல் சமாளிக்க மூலிகை ஏதாவது?

இன்றே சிறுநீரக மருத்துவரிடம் போங்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். அதில் டயாலிசிஸுக்கும் இடமுண்டு.

சிவகாசி: இன்னிசைக் கச்சேரி வைத்து டிக்கெட் விற்கலாமா?

நாங்கள் 2011-ல் வைத்தோம். மண்டபம், ஒலிபெருக்கி, மேடை, பாடகர்களுக்கு வேன், அத்தனை பேருக்கும் பிரியாணி. கூட்டம் நன்றாகவே வந்தது. செலவு போக மிஞ்சியது, நாங்கள் ஆளுக்கு இரண்டாயிரம் போட்டிருந்தாலே கிடைத்திருக்கும் தொகை. செலவை முழுதாக ஏற்க ஒருவர் முன்வந்தால் நடத்துங்கள். டிக்கெட் பணத்திலிருந்து பிரியாணிக்கு எடுக்காதீர்கள்.

மதுரை: பெரிய தொகை சேர்ந்திருக்கிறது. நண்பன் பெயர் பொறித்து ஓர் இயந்திரம் வாங்கிக் கொடுக்க ஆசை.

கோயிலில் டியூப் லைட் உபயம் பார்த்திருப்பீர்கள். உபயதாரர், தகப்பனார் பெயர், ஊர் என்று எழுதி எழுதி வெளிச்சமே வெளியே வராது. இயந்திரம் வந்தால் அதற்கு டெக்னீஷியன் வேண்டும், தண்ணீர் இணைப்பு வேண்டும், பராமரிப்பு ஒப்பந்தம் வேண்டும். இவை இல்லாமல் பிளாஸ்டிக் உறை போட்டு மூலையில் நிற்கும் இயந்திரத்தை, பெயர்ப்பலகையோடு, தணிக்கைக்குப் போன இடத்தில் பார்த்திருக்கிறேன். பெயர் இல்லாமல் ஊசியும் டியூபும் வாங்கிக் கொடுங்கள்.

தூத்துக்குடி: இதை ஏற்கமாட்டேன். பெயரே வேண்டாம் என்றால் அது எப்படி நினைவு நிதி?

பெயர் ரசீதில் இருக்கிறது, கணக்கில் இருக்கிறது. முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ல் புற்றுநோயால் இறந்தார். அந்த வலியில் முளைத்ததுதான் 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. அது தங்கையின் பெயரில் இல்லை. பெயர் வைக்காததால் எதுவும் குறைந்துவிட்டதா?

தூத்துக்குடி மீண்டும்: அந்தத் தங்கையின் பெயரை இங்கே எத்தனை பேர் சொல்வீர்கள்?

அரை மணி நேரமாகக் காத்திருக்கிறேன். ஒருவரும் சொல்லவில்லை.

காரைக்குடி: தூத்துக்குடிக்காரர் சொல்வதே சரி. இறந்துபோன என் தோழியின் அம்மா ஆண்டுக்கொரு முறை டயாலிசிஸ் மையத்துக்கு வந்து, அவள் பெயர் எழுதிய நாற்காலியைத் தடவிவிட்டுப் போகிறார். அதையும் டியூப் லைட் என்பீர்களா?

சொல்லமாட்டேன். உபயதாரர் தன் பெயரைப் போட்டுக்கொள்வதும், தாய் தடவிப் பார்க்க ஓர் இடம் வைப்பதும் வேறு வேறு. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டியது என் தவறு. மதுரைக்காரருக்குத் திருத்திச் சொல்கிறேன்: முதலில் ஊசியும் டியூபும். மிஞ்சியதில் ஒரு நாற்காலி, அதில் சிறிய எழுத்தில் பெயர். இயந்திரத்தைப் பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை.

மதுரை: எவ்வளவு சிறிய எழுத்து?

உங்கள் பெயர்கள் அதில் இடம்பெற முடியாத அளவுக்கு.

வேலூர்: நாங்களே அறக்கட்டளை பதிவு செய்தால்?

பதிவு சுலபம். பிறகு வரி அங்கீகாரம், அதைப் புதுப்பித்தல், ஆண்டுக் கணக்கு, தணிக்கை. மூன்றாம் ஆண்டில் செயலாளர் வெளியூருக்கு மாற்றலாகிவிடுவார். எனக்குக் கட்டணம் கிடைக்கும் என்றாலும் சொல்கிறேன், வேண்டாம்.

திண்டுக்கல்: நண்பன் படத்தோடு என் க்யூஆர் குறியீட்டைச் சுவரொட்டியில் போடலாமா?

சேலம். நாமக்கல். இப்போது திண்டுக்கல். நெடுஞ்சாலை முழுவதும் இதே கேள்விதான் போலிருக்கிறது. அறக்கட்டளையின் குறியீட்டைப் போடுங்கள், உங்களுடையதை அல்ல. படம் போடுவதற்கும் நோயின் பெயரைச் சொல்வதற்கும் முதலில் அவர் வீட்டாரிடம் அனுமதி வாங்குங்கள்.

நாகர்கோவில்: வசூல் கணக்கை யாரிடம் ஒப்படைப்பது?

கொடுத்த எல்லோருக்கும் ஒரு பக்கத்தில் வரவையும் அறக்கட்டளையின் ரசீதையும் அனுப்புங்கள். வீட்டாருக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். நாங்கள் மொய் நோட்டு மாதிரி ஒரு நோட்டில் பெயரும் தொகையுமாக எழுதி நண்பனின் அம்மாவிடம் கொடுத்தோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். ஆயிரம், ஐயாயிரம் எல்லாம் தாண்டிப் போன விரல், “டீக்கடை, 50 ரூபாய்” என்ற இடத்தில் நின்றது.

“இவரிடம் அவன் பாக்கி வைத்திருந்தானா, கேட்டீர்களா?” என்றார்.

போய்க் கேட்டோம். வைத்திருந்தான்.