பயாப்ஸி முடிவு வரும்வரை இந்தப் பயத்தோடு எப்படி இருப்பது?

கழுத்துக் கட்டியில் பயாப்ஸி எடுத்திருக்கிறார்கள், முடிவு வரப் பத்து நாளாகும், புற்றுநோயாக இருக்குமோ என்ற பயத்தில் தூக்கமும் இல்லை, சோறும் இறங்கவில்லை, இந்த நாட்களைக் கடந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கடந்தவன். “ஒன்றும் இருக்காது, தைரியமாக இருங்கள்” என்று சொல்லப்போவதில்லை. என்னிடம் அப்படிச் சொன்ன முப்பது பேரில் ஒருவர்கூட நுண்ணோக்கியைத் தொட்டதில்லை.

எனக்கும் கழுத்துத்தான். வலப்பக்கம், தாடைக்குக் கீழே. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு புளியங்கொட்டை அளவில் தட்டுப்பட்டது, ஜூன் பிறப்பதற்குள் நெல்லிக்காய் ஆகிவிட்டது. சாயங்காலமானால் லேசான காய்ச்சல். நான்கு கிலோ எடையும் குறைந்திருந்தது. காலில் முள் குத்தினால் தொடையிடுக்கில் நெறி கட்டும், பல் கெட்டால் கழுத்தில் நெறி கட்டும், இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடும் என்பதுதான் நான் அறிந்தது. இது போகவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு ஊசியால் உறிஞ்சி எடுக்கும் எஃப்.என்.ஏ.சி. பரிசோதனை. “உறுதியாகச் சொல்ல இயலவில்லை, கட்டியை எடுத்துப் பயாப்ஸி செய்யவும்” என்று தாள் வந்தது. அதை நான் ‘புற்றுநோய்’ என்று படித்தேன். ஊசியில் வந்தது ஒரு முடிவுக்கு வரப் போதவில்லை என்பதற்கு மேல் அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் மரத்துப்போகும் ஊசி போட்டுக் கட்டியை எடுத்தார்கள். அரை மணி நேர வேலை. செவிலியர் கையில் இரண்டு சிறிய குப்பிகள் இருந்தன. ஒரு கட்டிக்கு எதற்கு இரண்டு குப்பி? கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. குலசேகரம் பஸ்ஸில் உட்கார்ந்து, ‘இரண்டு இடத்துக்கு அனுப்புகிறார்கள், அவ்வளவு மோசம்’ என்று நானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

நான் ரப்பர் வெட்டுகிறவன். சொந்தத்தில் நூற்றைம்பது மரம், பக்கத்துத் தோட்டத்தில் இருநூற்றைம்பது. ஜூன் மழையில் எங்கள் பக்கம் பால்வெட்டு நின்றுவிடும். மரத்தில் பிளாஸ்டிக் மழைக்காப்புக் கட்டியவர்கள் வெட்டுவார்கள். அந்த ஆண்டு நான் கட்டவில்லை. ஆக, விடிகாலை மூன்று மணிக்கு எழுந்தே பழகிய உடம்பு, செய்ய ஒரு வேலையும் இல்லாமல், இருட்டில் மழைச் சத்தம் கேட்டபடி. பயத்துக்கு இதைவிட வசதியான வீடு கிடைக்காது.

முதல் இரண்டு நாளும் நான் செய்தது கழுத்தைத் தடவியதுதான். கட்டியை எடுத்தாயிற்று. தையலுக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொரு நெறி இருந்தது. அது வளர்கிறதா என்று ஒரு நாளைக்கு ஐம்பது முறை பார்த்திருப்பேன். மூன்றாம் நாள் அது வலிக்கத் தொடங்கியது. கட்டு மாற்றப் போனபோது, “வலி புதிதாக வந்திருக்கிறது” என்றேன். டாக்டர் என் விரல்களைப் பார்த்தார். “அதை நசுக்கிக்கொண்டே இருந்தால் வலிக்காதா?” என்றார். அன்றைக்கு ஒரு தோர்த்துத் துண்டைக் கழுத்தைச் சுற்றித் தளர்வாகப் போட்டுக்கொண்டேன். கை போனால் துணிதான் தட்டுப்படும். அந்தத் துணி சொன்ன அளவுக்கு எந்த உபதேசமும் எனக்குச் சொல்லவில்லை. உங்களுக்கும் கை அங்கேயே போகிறது என்றால் செய்து பாருங்கள்.

அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. இரண்டாவது குப்பியின் முடிவு வந்தது. திசு கெடாமலிருக்க ஊற்றும் ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும், அதனால் ஒரு துண்டை மட்டும் உப்புநீரில் போட்டுக் காசநோய்ப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதற்குத்தான் இரண்டு குப்பி. முடிவு: காசநோய்க் கிருமி இல்லை. காசநோய் இல்லை என்பதைக் கேட்டு ஒரு மனிதன் அழுததை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். காசநோய் இல்லையென்றால் பிறகு அதுதானே என்று சாயாக்கடைத் தூணுக்குப் பின்னால் நின்று அழுதேன். நெறி என்கிற நிணநீர்க் கட்டியில் கிருமி குறைவாக இருந்தால் அந்தப் பரிசோதனையில் தப்பிவிடும் என்பது எனக்குத் தெரியாது. பாதி முடிவு வந்தால் அதை வைத்து மீதியை நீங்களே எழுதாதீர்கள் என்று சொல்வதற்காகத்தான் இந்த வெட்கக்கேட்டைச் சொல்கிறேன்.

எனக்கு முதலில் பிடிமானம் தந்தது ஆறுதல் அல்ல, ஒரு விவரம். என்னோடு படித்தவன் ஒருவன் திருநெல்வேலியில் ஆய்வக நுட்பனாக இருக்கிறான். “பத்து நாள் என்னதான் செய்கிறார்கள்? மறந்துவிட்டார்களா?” என்று போனில் கத்தினேன். அவன் கோபப்படாமல் விளக்கினான். துண்டு ஃபார்மலினில் நன்றாக ஊற வேண்டும். அதிலுள்ள நீரை ஆல்கஹாலால் படிப்படியாக வெளியே இழுத்து, அந்த இடத்தில் உருக்கிய மெழுகை ஏற்றி, மெழுகுக் கட்டியாக்க வேண்டும். அதை மைக்ரோடோம் என்ற எந்திரத்தில் மூன்று, நான்கு மைக்ரான் கனத்துக்குச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடியில் ஏந்தி, நீலமும் இளஞ்சிவப்புமாகச் சாயம் ஏற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் நோயியல் மருத்துவர் பார்ப்பார். சந்தேகம் இருந்தால் வேறு சாயம், வேறு வெட்டு. “ஒரு மைக்ரான் என்றால் எவ்வளவு?” என்றேன். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

நான் ஒரு வெட்டுக்குப் பட்டையை ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் சீவுவதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. என் சீவலை ஐந்நூறாகப் பிளந்தால் அவர்கள் சீவல். ஒரு நிமிடம் நோயை மறந்து எனக்குத் தொழில் பொறாமையே வந்துவிட்டது. அன்று முதல் இருட்டில் விழிப்பு வரும்போது, இப்போது மெழுகு ஏறிக்கொண்டிருக்கும், இன்றைக்குச் சீவுவார்கள் என்று நினைத்துக்கொள்வேன். பயம் போகவில்லை. ஆனால், என்னைக் கைவிட்டுவிட்டார்கள் என்ற எண்ணம் போயிற்று.

ஏழாம் நாள் கேட்டபோது இன்னும் இரண்டு நாள் ஆகும், வேறு சாயம் போட்டுப் பார்க்கிறார்கள் என்றார்கள். அந்த ஆய்வக நண்பன் சொல்லிவைத்திருக்காவிட்டால் அன்றைக்கே படுத்திருப்பேன். தாமதம் என்றால் கெட்ட செய்தி என்று கணக்குப் போடாதீர்கள். நல்ல செய்திக்கும் அதே மெழுகு, அதே கத்தி.

வீட்டில் நான் யாரிடமும் சொல்லவில்லை. “சாதாரணக் கொழுப்புக்கட்டி” என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். இங்கே ஒரு பழைய கதை. நெய்யூரில் நெடுங்காலம் அறுவை மருத்துவராக இருந்த சோமர்வெல் துரையை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் பேசுவார்கள். எவரெஸ்ட் ஏறப் போனவர். 1924-இல் உச்சிக்குக் கொஞ்சம் கீழிருந்து திரும்பி இறங்கும்போது, பனியில் செத்து உரிந்த தொண்டைச் சவ்வு அவர் மூச்சை அடைத்துக்கொண்டது. குரல் எழவில்லை. பனியில் உட்கார்ந்துவிட்டார். முன்னால் போய்க்கொண்டிருந்த தோழர் நார்ட்டன், இவர் படம் வரைவதற்காகப் பின்தங்கியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாராம். கடைசியாக சோமர்வெல் இரு கைகளாலும் தன் நெஞ்சை அழுத்தினார். அடைப்பு வெளியே வந்தது. பிழைத்து, நெய்யூருக்கு வந்து எத்தனையோ பேருக்கு அறுத்துத் தைத்தார்.

ஐந்தாம் நாள் இரவு வராந்தாவில் இருந்தபோது, உள்ளேயிருந்து மனைவி, “மழையைப் பார்த்தது போதும், வந்து படுங்கள்” என்றாள். எனக்கு அந்தப் படம் வரைகிற கதை நினைவுக்கு வந்துவிட்டது. போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. “போனில் நீங்கள் தேடுவதை மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். என்றைக்கு முடிவு?” என்று கேட்டாள். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து அவளும், அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து நானும் தனித்தனியாகச் செத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

அவள் போட்ட சட்டம் இது. இரவு ஏழு மணிச் செய்தி முடிந்ததும் அரை மணி நேரம் இதைப் பற்றிப் பேசலாம், அழலாம், கடன் கணக்குப் பார்க்கலாம். மற்ற நேரத்தில் பேச்சு வந்தால் “ஏழரைக்கு” என்போம். பகலில் பயம் வராமலா இருந்தது? வந்தது. அதற்கு ஒரு நேரம் குறித்துக் கொடுத்தாயிற்று என்பதால் கொஞ்சம் அடங்கி உட்கார்ந்தது. போனில் தேடுவதை நிறுத்தி, கேள்விகளை ரப்பர் பால் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதச் சொன்னாள். பதினான்கு சேர்ந்தன. என் அம்மாவுக்குக் கடைசிவரை சொல்லவில்லை. ஆனால் எங்கள் பக்கம் பிள்ளையைக் கூப்பிடுகிறபடி, “மக்களே, கஞ்சி ஆறுகிறது” என்று அந்த நாட்களில் மூன்று தடவை கூப்பிட்டாள், வழக்கமாக ஒரு தடவைதான். சம்பா அரிசிக் கஞ்சியும் சிறுபயறும் காணத்துவையலும். வேண்டாம் என்றாலும் குடித்துவிடுவேன். நீங்களும் ஏதாவது குடியுங்கள், வெறும் வயிற்றில் விடிகாலை மூன்று மணி மிகவும் நீளமானது.

ஊராரைப் பற்றியும் சொல்ல வேண்டும். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தை எங்கள் பக்கம் ‘ஆர்.சி.சி.’ என்றே சொல்வார்கள். அந்த மூன்றெழுத்தைச் சொல்லும்போது குரல் தானாக இறங்கும். என் கழுத்துக் கட்டைப் பார்த்த ஒருவர், “ஆர்.சி.சி.க்குப் போகவில்லையா?” என்று துக்கம் விசாரிக்கும் தொனியில் கேட்டார். மச்சினனுக்கு ஊர் மணவாளக்குறிச்சி. அங்குள்ள மோனசைட் மணல்தான் காரணம், மாமனார் வீட்டுக்கு வந்து வந்து பிடித்துக்கொண்டது என்றான். அந்த மணலில் கதிர்வீசும் தோரியம் இருப்பது உண்மை. மணல் அள்ளுவது பற்றிய சண்டையும் உண்மை, அது வேறு. ஆனால் அதே போன்ற மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. அப்படியிருக்க, ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் மாமனார் வீட்டுக்குப் போனவனை அது பிடித்ததாம். காத்திருக்கிறவனிடம் காரணம் சொல்ல வருகிறவர்களை வாசலோடு அனுப்புங்கள்.

ஒன்பதாம் நாள் வரச் சொன்னார்கள். தக்கலை தாண்டி, வில்லுக்குறி தாண்டி, சுங்கான்கடையில் நான் இறங்கிவிட்டேன். இறங்க வேண்டிய இடமே இல்லை. ஒரு சாயா குடித்தேன். எதிர்ப்பக்கம் வீட்டுக்குத் திரும்பும் பஸ் வந்து நின்று போயிற்று. அதில் ஏறாமல் நின்றதுதான் அந்த ஒன்பது நாளில் நான் காட்டிய வீரம். அடுத்த பஸ்ஸில் போனேன். முடிவை வாங்கவே போகாமல் மாதக்கணக்கில் இருந்துவிடுகிறவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. தனியாகப் போகாதீர்கள் என்று மட்டும் சொல்வேன். நான் அன்று மனைவியை அழைத்துப் போகாதது மடத்தனம்.

எனக்கு வந்தது காசநோய்தான். திசுவை நுண்ணோக்கியில் பார்த்ததில் தெரிந்தது. அரசு மாத்திரை, ஆறு மாதம், செலவில்லை. சத்துணவுக்கென்று மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்தது, 2024 நவம்பர் முதல் அது 1000 ஆகியிருக்கிறது. முதல் நாள் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனபோது மறுபடி ஒரு பயம். அது மாத்திரையின் நிறம்.

ஆனால் என் முடிவை உங்கள் முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அன்று என்னோடு பெஞ்சில் இருந்த கருங்கல் என்ற ஊர்ப் பக்கத்து அக்காவுக்கு மார்பில் கட்டி. அவருக்குப் புற்றுநோய் என்று வந்தது. உறையைக் குடைப் பைக்குள் நனையாமல் வைத்துவிட்டு, “தம்பி, திருவனந்தபுரத்துக்குக் காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு?” என்று கேட்டார். அந்தக் குரலில் நடுக்கம் இல்லை. பெஞ்சில் காத்திருந்தபோது இருந்தது. சிகிச்சை முடிந்து, போன ஓணத்துக்குப் போனில் பேசினார்.

முடிவு எந்தத் தேதி, யார் சொல்வார்கள், தாமதமானால் எந்த எண்ணில் கேட்பது என்ற மூன்றையும் இன்றைக்கே கேட்டு எழுதிவையுங்கள். இடையில் மூச்சுத் திணறல், விழுங்க முடியாமை, கடுங்காய்ச்சல், தையலில் சீழ் என்று ஏதாவது வந்தால் அந்தத் தேதிக்காகக் காத்திருக்காமல் உடனே போங்கள். இரவில் மனம் கட்டுக்குள் நிற்கவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அரசின் மனநல உதவி எண் அது, அழைக்கலாம், எந்த நேரத்திலும் தமிழில் பேசுவார்கள்.

பதினான்கு கேள்விகளை டாக்டரிடம் கொண்டுபோனேன் அல்லவா. நோட்டை வாங்கி அவரே படித்தார். பக்கத்துப் பக்கத்தில் இருந்த பால் கணக்கையும் சேர்த்துப் படித்தார் என்று நினைக்கிறேன். ஒன்பதை அடித்துவிட்டார், அவை புற்றுநோய் பற்றியவை. நான்குக்குப் பதில் சொன்னார். கடைசிக் கேள்வி, ‘மறுபடி எப்போது வெட்டுக்குப் போகலாம்?’

“மழை எப்போது விடும்?” என்று கேட்டார்.