பொத்தான் போடும் நேரம்

வணக்கம் ஐயா,

என் மகனுக்கு நாலரை வயது. நான் கண்டிப்பானவள். என் கணவர் அவன் எதைக் கேட்டாலும் தலையாட்டுகிறவர். இணையத்தில் பெற்றோருக்கான கேள்வித்தாள் ஒன்றை நிரப்பினேன். 'அதிகார வகைப் பெற்றோர்' என்று முடிவு வந்தது. இப்படிப்பட்டவர்களின் பிள்ளைகள் பயந்த சுபாவத்தோடு வளர்வார்களாம். இரண்டு நாளாகத் தூக்கமில்லை. காலம் கடந்துவிட்டதா?

ம.

அன்புள்ள ம.,

இல்லை. நாலரை வயதில் எதுவும் கடந்துவிடுவதில்லை. இந்தப் பயத்தைக் கிளப்பிய கேள்வித்தாளை முதலில் தூக்கிப் போடுங்கள். கணவரையும் அதன் முன்னால் உட்கார வைத்துவிடாதீர்கள்.

இந்த வகைப்பாட்டைத் தொடங்கி வைத்தவர் டயானா பாம்ரிண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர். 1960களில், மழலையர் பள்ளிக் குழந்தைகளைக் கவனித்துத்தான் தொடங்கினார். சில குழந்தைகள் தம்மைத் தாமே அடக்கிக்கொள்கிறார்கள், புதியதைக் கண்டு ஒதுங்குவதில்லை. சிலர் சிடுசிடுக்கிறார்கள், சிலர் எதிலும் நிலைப்பதில்லை. இவர்களுடைய வீடுகளில் என்ன நடக்கிறது என்று பார்த்தபோது கிடைத்தவைதான் பெற்றோரின் மூன்று வகைகள்: சொன்னதைச் செய் என்று மட்டும் சொல்லும் அதிகார வகை, எதற்கும் தலையாட்டும் வகை, கண்டிப்போடு காரணமும் சொல்லும் வகை. 1983இல் மேக்கபி, மார்ட்டின் என்ற உளவியலாளர்கள் இருவரும் அதை இரண்டு அளவுகோல்களாக்கினார்கள்: குழந்தையிடம் எவ்வளவு எதிர்பார்க்கிறோம், அதற்கு எவ்வளவு காது கொடுக்கிறோம். இரண்டும் இல்லாத வீடு நான்காவது வகை.

பாம்ரிண்ட் மெச்சிய மூன்றாம் வகைப் பெற்றோரும் கண்டிப்பானவர்களே என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 'கூடாது' என்றால் கூடாதுதான். ஆனால் ஏன் கூடாது என்று சொன்னார்கள், பிள்ளையின் மறுப்பையும் கேட்டார்கள். ஆகவே கண்டிப்பைக் குறைக்கச் சொல்ல மாட்டேன். அடி மட்டும் வேண்டாம். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. மிரட்டி ஊட்டுவதும் வேண்டாம்: என்ன, எப்போது என்பது உங்கள் பொறுப்பு, எவ்வளவு என்பதை அவன் வயிறு சொல்லட்டும்.

இன்னொன்று. ரிச்சர்ட் பெல் என்ற உளவியலாளர் 1968இலேயே கேட்ட கேள்வி இது: பெற்றோர் குழந்தையை ஆக்குகிறார்களா, குழந்தை பெற்றோரை ஆக்குகிறதா? அடம் பிடிக்கும் பிள்ளை, சாதுவான அம்மாவையும் கத்த வைத்துவிடும். ஆய்வுகள் சொல்வது பல குடும்பங்களின் சராசரி. உங்கள் மகனின் ஜாதகம் அல்ல.

இந்த வயதில் குழந்தைகள் எதைச் செய்தாலும் தமக்குத் தாமே பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சுதான் பின்னால் உள்ளே இறங்கிச் சிந்தனையாகிறது என்றார் ரஷ்ய உளவியலாளர் விகோட்ஸ்கி. இதையெல்லாம் படித்து முடித்த மேதாவி நான். என் மகளுக்கு நான்கு வயதானபோது, ஒரு நாள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவள் முதல் பொத்தானை இரண்டாவது துளையில் மாட்டிவிட்டுத் திணறிக்கொண்டிருந்தாள். கையைத் தட்டிவிட்டு மளமளவென்று நானே போட்டுவிட்டேன். அவள் அழவில்லை. செருப்பு மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தால், எல்லாப் பொத்தான்களையும் கழற்றிவிட்டு முதலிலிருந்து போட்டுக்கொண்டிருக்கிறாள். வாய் முணுமுணுக்கிறது: "சீக்கிரம், சீக்கிரம். எத்தனை தடவை சொல்வது?"

என் குரல், என் சலிப்பு, அப்படியே.

மறுநாள் முதல் கடிகாரத்தில் அலாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்தேன்.