அலையைத் தாண்ட மந்திரம் எதற்கு? ஒரு நாவலும் சில கேள்விகளும்

போன வாரம் முடித்த நாவலைப் பற்றி நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். கதை 1746இல், பிரெஞ்சுக்காரர்கள் சென்னப்பட்டினத்தைப் பிடிக்கும் நேரத்தில் நடக்கிறது. காற்றோடு பேசத் தெரிந்த ஒரு படகோட்டிதான் நாயகன். பாதி பிடித்தது, பாதி பிடிக்கவில்லை, அதனால் பேரைச் சொல்லாமலே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, வாங்கலாமா வேண்டாமா?

பதில்: கடற்கரை வரும் பக்கங்களுக்காக வாங்கலாம். காதல் வரும் பக்கங்களைப் புரட்டிவிடுங்கள்.

கேள்வி: கடைசியில் வரும் புயல் கற்பனைதானே?

பதில்: இல்லை, நிஜமாகவே அடித்தது. செப்டம்பரில் கோட்டை விழுந்தது, அக்டோபரில் பிரெஞ்சுக் கப்பற்படைத் தலைவர் லா பூர்தொனேயின் கப்பல்கள் புயலில் சிக்கிச் சில மூழ்கியே போயின. ஐப்பசி மாதம், துறைமுகமும் கிடையாது, திறந்த கடலில் நங்கூரம் போட்டு நின்றால் வேறென்ன ஆகும்? அது படகோட்டி விட்ட சாபம் என்கிறது நாவல். அந்த இடம் எனக்குப் பிடித்தது, நடந்ததை அப்படியே விட்டுவிட்டுக் காரணத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்.

கேள்வி: கலங்கரை விளக்கத்தடியில் இருவரும் சந்திப்பது அழகாக இருந்ததே மேடம்?

பதில்: அழகுதான், ஆனால் சென்னையில் முதல் விளக்கு எரிந்தது 1796இல், அதுவும் கோட்டைக்குள் இப்போது அருங்காட்சியகம் இருக்கிற கட்டடத்தின் உச்சியில். ஐம்பது வருஷம் முன்னாடியே ஏற்றிவிட்டார்!

கேள்வி: அந்தக் காலத்தில் மீன் குழம்பில் மிளகாயா?

பதில்: அது சரிதான். போர்த்துகீசியர் புண்ணியத்தில் மிளகாய் அதற்கு வெகு முன்பே வந்துவிட்டது.

கேள்வி: மாயக்கதையில் மாயம் இருந்தால் என்ன தப்பு அக்கா?

பதில்: மாயம் இருக்கட்டும், அது யாருடைய கைவேலையைப் பிடுங்கிக்கொள்கிறது என்பதுதான் என் சண்டை. அன்றைக்குக் கப்பல்கள் தள்ளியேதான் நிற்கும், ஆளும் சரக்கும் மசூலாப் படகில்தான் கரைக்கு வரவேண்டும். அதில் ஆணியே கிடையாது, பலகைக்குப் பலகை தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள், அலை அறையும்போது படகு உடையாமல் நெளிந்துகொடுக்க வேண்டுமே, அதற்காக. நொச்சிக்குப்பத்தில் ஒரு நாள் விடியற்காலையில் பார்த்தேன்: நாலு பேர் ஃபைபர் படகைப் பிடித்தபடி இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறார்கள், ஒரு அலை, இரண்டு, மூன்று, போகவே இல்லை, பெரியவர் ஒருவர் கழுத்தை லேசாக அசைத்ததும் ஒரே தள்ளு. அந்தக் கணக்குப் போடுகிற மூளைக்குப் பதிலாக நாவலில் நாயகன் ஒரு மந்திரம் சொல்கிறான், அலை வழிவிடுகிறது. அப்புறம் அவன் எதற்குப் படகோட்டி? ஜோசியக்காரனாகவே இருந்திருக்கலாமே.

கேள்வி: நாவலில் வரும் கறுப்பர் பட்டணத்தைப் போய்ப் பார்க்க முடியுமா?

பதில்: கோட்டைச் சுவருக்கு வெளியே நம்மவர்கள் குடியிருந்த பகுதிதான் அது. இடத்தைப் பார்க்கலாம், வீடுகளைப் பார்க்க முடியாது. கோட்டைக்கு முன்னால் வெட்டவெளி வேண்டும் என்று முதலில் பிரெஞ்சுக்காரர்கள் கொஞ்சம் இடித்தார்கள், மிச்சத்தை ஆங்கிலேயர்கள் முடித்தார்கள். உயர் நீதிமன்றம் நிற்பது அந்த மண்ணில்தான். நாவலில் நாயகனின் அம்மா கருவாடு காயப்போடும் முற்றம் இன்றைக்கு வக்கீல்கள் வண்டி நிறுத்துகிற இடமாக இருக்கலாம்.